மூன்றாம் மாடிக்கு வந்த தூது

என் தம்பி துபாயில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சமையல்காரனாக இருக்கிறான் என்று அம்மா ஒன்றரை வருடம் நம்பியிருந்தார். அவன் இருந்தது வேறொரு நாட்டில். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் தலைநகரில் இருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் குசினியில்தான் அவன் சமைத்தான். நாட்டின் பெயரையும் தூதரகத்தின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. வேலைக்குச் சேரும்போது தம்பி ஏதோ காகிதத்தில் கையெழுத்து வைத்திருக்கிறான். அந்தக் காகிதம் அவனுடைய அக்காவையும் கட்டுப்படுத்துமா என்று எனக்குத் தெரியாது. கட்டுப்படுத்தாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதவில்லை.

உண்மை தெரிந்தவர்கள் நானும் என் கணவரும் மட்டும்தான். தம்பி முதலில் எனக்குச் சொன்னபோது நான் பலெர்மோவில் என் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் அழுதேனா இல்லையா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

“அக்கா, முழுப் பொய் எண்டும் சொல்லேலாது. இதுவும் ஐஞ்சு நட்சத்திரம்தான். வெளியிலை போகவே விடமாட்டினம், எல்லாம் உள்ளுக்கையே கிடைக்கும்.”

“சிறையிலையும் அப்பிடித்தானேடா.”

“சிறையிலை இவ்வளவு கோழி குடுக்கமாட்டினம்.”

அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்தோம். அம்மா எங்கள் இருவரையும் பதுங்குகுழிக்குள்ளும் வெளியிலுமாக இழுத்து இழுத்து வளர்த்தவர். தெருவில் ஒரு டயர் வெடித்தால் இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பார். ஒரு போரிலிருந்து அவர் வெளியே எடுத்த பிள்ளை, சம்பளத்துக்காகத் தானாகவே இன்னொரு போருக்குள் போய் நிற்கிறான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆனால் பொய் ஒரு கைக்குழந்தை மாதிரி. பெறுவது ஒரு நாள் வேலை, வளர்ப்பதுதான் ஓயாத வேலை. தம்பி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிடுவான். நான்தான் மகளின் சித்திரக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன்: அறை பதினேழாம் மாடி; அறைத் தோழன் மலையாளி; வெள்ளிக்கிழமை லீவு. ஒருநாள் வீடியோவில் அவனுக்குப் பின்னால் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்ததை அம்மா கண்டுவிட்டார்.

“அதென்னடா மூட்டை?”

“கடல் தண்ணி உள்ளுக்கு வராமல் அம்மா.”

“பதினேழாம் மாடிக்கோ?”

தம்பி இருமினான். இருமி முடித்துவிட்டு, ஹோட்டலில் கட்டட வேலை நடக்கிறது என்றான். நான் அதையும் கொப்பியில் எழுதினேன்.

அவனுக்கு ஏதாவது நடந்தால் யாருக்குத் தகவல் வரும் என்று யோசித்து, ஆறு தொலைபேசி இலக்கங்களை வரிசைப்படுத்தி அனுப்பி வைத்திருந்தேன். முதலாவது என்னுடையது. இரண்டாவது கணவருடையது. மூன்றாவது எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் சிசிலியப் பெண்ணுடையது. அவரை என் மகள் ‘ஸீயா’ என்று கூப்பிடுவாள். இத்தாலிய மொழியில் அத்தை, மாமி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். ஸீயா சந்தையில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். நான் வேலைக்குப் போகும் நாட்களில் பாலர் பாடசாலையில் இருந்து என் மகளைக் கூட்டிவருவதும் அவர்தான். மற்ற மூன்று இலக்கங்களும் யாருடையவை என்று சொன்னால் சிரிப்பீர்கள். தம்பியும் சிரித்தான். “அக்கா, இது இலக்கமோ, எலெக்சனுக்கு நிக்கிற ஆக்களின்ரை லிஸ்ரோ?”

அந்த நாள் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சியாகுல்லித் தோட்டங்களின் பிந்திய மண்டரின் தோடம்பழங்கள் வந்து, ஸீயாவின் குரல் உச்சத்தில் இருந்த பருவம். நான் வியா மக்வேதா என்ற தெருவில் என் முதலாளியம்மாவான சிஞ்ஞோராவின் வீட்டில் அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வழக்கறிஞர். செவ்வாய்க்கிழமைகளில் வழக்குக்குப் போகாமல் வீட்டிலேயே அறையைப் பூட்டிக்கொண்டு எழுதுவார். நல்ல மனுசி. ஒரு கட்டளை மட்டும் உண்டு: அந்த வீட்டுக்குள் சிசிலியப் பேச்சு கூடாது, சுத்தமான இத்தாலிய மொழிதான். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். ஆறு வருடத்தில் ஒரு சிசிலியச் சொல் கூடக் காதில் ஏறாமல் பார்த்துக்கொண்டேன்.

குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை எழுத வேண்டும். மாலை வகுப்பு ஆசிரியை, செய்தி கேளுங்கள், காது பழகும் என்றிருந்தார். அதனால் அயன் பண்ணும்போது எப்போதும் செய்தி போட்டுக் கேட்பேன். அப்படிக் காது பழகியதால் வந்த வினை, அன்றைக்கு ஒரு சொல் விடாமல் எல்லாம் விளங்கியது. ‘அம்பஷாத்தா’ என்றால் தூதரகம். தம்பி இருக்கும் நகரத்தில் ஓர் அம்பஷாத்தாவைத் தாக்கியிருக்கிறார்கள். வாசலில் வெடிமருந்து நிரப்பிய வாகனம். பிறகு துப்பாக்கிகளோடு ஆட்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை. திரையில் ஒரு மதில், அதற்கு மேலே புகை, புகைக்குள் ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி. அந்தத் தாங்கி எனக்குத் தெரியும். தம்பி அதற்குக் கீழே நின்றுதான் தன் ஏப்ரனைத் தோய்த்துக் காயப்போடுவான்.

நான் அயன் பெட்டியை அணைத்தேன். அது ஆறும் வரை நின்று, வயரை ஒழுங்காகச் சுற்றி, அலுமாரிக்குள் வைத்தேன். தம்பி இருந்த இடம் எரிந்துகொண்டிருக்க, நான் வயர் சுற்றினேன். அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். சுற்றாமல் விட்டிருந்தால் அதற்கும் வெட்கப்பட்டிருப்பேன்.

தம்பிக்கு எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை. வட்ஸ்அப்பில் ‘இருக்கிறியோ’ என்று எழுதினேன். ஒரு சரி மட்டும் விழுந்தது, இரண்டாவது சரி வரவில்லை. கணவருக்கு எடுத்தேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சமைக்கிறார். மதிய வேலை தொடங்கினால் தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன.

“என்னப்பா, தம்பியின்ரை இடத்திலை குண்டு வைச்சிட்டாங்கள்.”

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “எங்கை, வாசல்லையோ?” என்றார்.

“ஓம்.”

“அவன் குசினியிலைதானே. நீர் பயப்பிடாதையும். குசினிக்கு ஆர் வருவினம்? நான் இஞ்சை பத்து வருசமா நிக்கிறன், முதலாளியே எட்டிப் பாக்கேல்லை.”

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடி விடேல்லை. வேறை என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

அது உண்மை. எனக்கும் தெரியவில்லை. மூன்று மணிக்கு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

வைத்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் வீடியோ அழைப்பு. எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவார், எடுத்தால் முகம் காட்டிக்கொடுக்கும். எடுத்துவிட்டுக் கமராவைக் கூரைப் பக்கம் பிடித்தேன்.

“பிள்ளை, உன்ரை முகத்தைக் காணேல்லை. லைற்றுத்தான் தெரியுது.”

“முகம் கழுவேல்லை அம்மா.”

“மத்தியானம் ஆகுது, இன்னும் கழுவேல்லையோ? சரி, கேள். தம்பிக்கு ஒரு இடம் சரிவரும் போலை கிடக்கு. மானிப்பாய்ப் பக்கம். பொருத்தமும் நல்லம். பெடிச்சி வங்கியிலை வேலை. அவையள் ஒரு படம் கேக்கினம். தம்பி முன்னுக்கு நிக்க, பின்னாலை ஹோட்டல் அடியிலையிருந்து நுனி வரை தெரியவேணுமாம்.”

“ஓம் அம்மா.”

“பின்னேரத்துக்குள்ளை அனுப்பச் சொல்லு. வெயில் சாய முதல் எடுத்தால்தான் வடிவா விழும்.”

“ஓம் அம்மா.”

“என்ன, எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுறாய்? உனக்கு விருப்பமில்லையோ?”

விருப்பம்தான் என்றேன். அந்த நேரத்தில் அந்த மானிப்பாய்ப் பெண்ணைவிட எனக்கு வேண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை. அவளுக்காகவாவது தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

தொலைக்காட்சியின் அடியில் உறவினர்களுக்கான அவசர இலக்கம் ஓடியது. அதற்கு எடுத்தேன். ஒன்றை அழுத்துங்கள், நான்கை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு ஓர் இயந்திரம் பாட்டுப் போட்டது. காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையாருக்கு ஒன்பது தேங்காய் நேர்ந்தேன். பிறகு, இது பலெர்மோவில் இருந்து கேட்கிற உதவி அல்லவா என்று தோன்றி, மலைமேல் குகையில் இருக்கிற இந்த ஊர்ப் புனிதைக்கு ஒரு பெரிய மெழுகுதிரி நேர்ந்தேன். இரண்டு பேரிடமும் கேட்டால் இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்களோ என்ற பயம் அதற்குப் பிறகு வந்தது.

பாட்டின் நடுவே ஒரு நீளமான, முன்பின் பார்த்திராத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. இங்கே மதிய வேளையில் இப்படித்தான் எடுப்பார்கள். உங்கள் மின்சாரக் கட்டணம் கூடுதலாக வருகிறது, எங்கள் கொம்பனிக்கு மாறுங்கள் என்பார்கள். வெட்டினேன். உடனே மறுபடி வந்தது. என்ன பொறுமை இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் வெட்டினேன்.

சிஞ்ஞோராவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் அவருடைய கதவடி வரை போனேன். ஆனால் அவருக்கும் என் தம்பி துபாயில்தான் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது உண்மை சொன்னேன். தம்பி தூதரகத்துக்கு வேலை மாறிய பிறகு அவர் மறுபடி விசாரித்தபோது பொய் சொன்னேன். ஒரே பொய்யை எல்லோருக்கும் சொன்னால் குழப்பம் வராது என்று நினைத்திருந்தேன். வழக்கறிஞரிடம் சொன்ன பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்து, தோய்த்த படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை வைத்தபடி பல்கனிக்குப் போனேன். கை ஏதாவது வேலை செய்யாவிட்டால் நான் விழுந்துவிடுவேன் போலிருந்தது.

அப்போதுதான் கீழே இருந்து ஸீயாவின் குரல் கேட்டது.

அது மூன்றாம் மாடி. வியா மக்வேதாவில் வாகனம் ஓடாது, ஆனால் சனம் ஓடும். உல்லாசப் பயணிகள், ஐஸ்கிரீம், கடைவாசலில் பாட்டு, யாரோ ஒருவர் தெருவில் வாசித்துக்கொண்டிருந்த சக்ஸபோன். அத்தனைக்கும் மேலாக ஸீயா ஒரு கையில் என் மகளையும் மறுகையில் அவளுடைய புத்தகப் பையையும் பிடித்தபடி, அண்ணாந்து, மண்டரின் விற்கிற குரலில் கத்தினார்.

“ம்மஷாத்தா! ம்மஷாத்தா! தோ ஃபிராத்தி!”

தோ ஃபிராத்தி என்றால் உன் சகோதரன். இத்தாலியச் சொல்லைப் போலவே இருந்ததால் அந்தளவு எனக்கும் விளங்கியது. மற்றச் சொல்லின் முன்பகுதியைச் சக்ஸபோன் தின்றுவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கேட்டது: அம்பஷாத்தா. தூதரகம். உன் சகோதரன்.

பழவண்டிக்கார ஸீயாவுக்கே தெரிந்துவிட்டது என்றால் செய்தி உறுதியாகிவிட்டது. பெயரோடு, படத்தோடு வந்துவிட்டது. விரிப்பு என் கையிலிருந்து நழுவியது. அது காற்றில் மெதுவாக விரிந்து, எங்கள் பல்கனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் உல்லாசப் பயணியின் தலையில் இறங்கியது. அவர் உள்ளே இருந்து ஏதோ ஜெர்மன் மொழியில் சொன்னார். நான் கம்பியைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. செய்தி சொல்வதென்றால் அவளுக்கு உயிர். ஸீயா மட்டும் கத்துவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா! மாமா பிறிட்ஜுக்குள்ளை!”

“என்ன?”

“மாமாஆஆ! பிறிட்ஜுக்குள்ளை இருக்கிறாராம்!”

எங்கள் ஊரில் ஒரு மனிதரைப் பிறிட்ஜில் வைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

நான் கத்தியிருக்க வேண்டும். சிஞ்ஞோரா பேனையோடு ஓடிவந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: தம்பி, தூதரகம், குண்டு, துபாய் இல்லை, ஒருபோதும் துபாய் இல்லை, இப்போது பிறிட்ஜ். சிஞ்ஞோரா முதலில் கேட்டது, “துபாய் இல்லையா?” என்றுதான். பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு, பேனையைக் காதில் செருகி, கம்பிக்கு மேலால் குனிந்தார். நீதிமன்றத்தில் எப்படி இருப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சின்னவளே! யார் எங்கே இருக்கிறார்கள் என்று இத்தாலிய மொழியில் சொல்!”

என் மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள். “மாமா ஃப்ரீகோவுக்குள் இருக்கிறார்!” ஃப்ரீகோ என்றால் பிறிட்ஜ். மாமா என்ற சொல்லை மட்டும் அவள் ஒருபோதும் மொழி மாற்றுவதில்லை. அது எந்த மொழியிலும் அவளுக்கு மாமாதான்.

சிஞ்ஞோராவுக்கு அது ‘மம்மா’, அதாவது அம்மா, என்று கேட்டது. அவர் திரும்பி நிலத்தில் இருந்த என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்தார்.

“உன் மம்மா இங்கே பல்கனியில் இருக்கிறாளே!”

“அந்த மம்மா இல்லை! மாமா!”

“அதைத்தானே நானும் சொல்கிறேன்!”

கீழே ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. விரிப்பிலிருந்து வெளியே வந்த ஜெர்மன்காரர் கூட அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சக்ஸபோன்காரரும் வாசிப்பை நிறுத்தினார். நான், மாமா என்றால் தாயின் சகோதரன் என்று நிலத்தில் இருந்தபடியே சொன்னேன். சிஞ்ஞோரா தலையாட்டினார். குறுக்கு விசாரணை தொடர்ந்தது.

“உன் மாமா பிறிட்ஜுக்குள் இருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது?”

“மாமா!”

“வேறு யாராவது அவரைப் பற்றிச் சொன்னார்களா, அல்லது அவரே பேசினாரா?”

“அவர்தான்! ஸீயாவின் தெலேஃபோனில்!”

“சரியாக என்ன சொன்னார்? அவர் சொன்ன சொல்லையே சொல்.”

மகள் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். “குளிருதாம் அம்மா! ஜக்கெற் போடேல்லையாம்! பல்லு இப்பிடி அடிக்குதாம்!” சொல்லிவிட்டு, நடுத்தெருவில் கைகளைக் கட்டிக்கொண்டு, டக டக டக என்று பல்லை அடித்துக் காட்டினாள்.

சிஞ்ஞோராவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. செத்த ஆளுக்குக் குளிராது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை விளங்கிக்கொண்டோம். அவர் கம்பியை விட்டுவிட்டு என் தலையில் கை வைத்தார். நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அந்த வாசலில் வேறு யாரோ இறந்திருப்பார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

நடந்தது இதுதான். தம்பி இரவல் தொலைபேசியில் முதலாவது இலக்கத்துக்கு, அதாவது எனக்கு, இரண்டு தரம் எடுத்தான். நான் அவனை மின்சாரக் கொம்பனி என்று நினைத்து வெட்டினேன். இரண்டாவது இலக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் அலுமாரிக்குள் பூட்டிக்கிடந்தது. மூன்றாவதுக்கு ஸீயா எடுத்தார். அவருக்கு ஒரு சொல் விளங்காமல் பக்கத்தில் நின்ற என் மகளிடம் தொலைபேசியைக் கொடுத்தார். தம்பி அவளிடம், ‘பிறிட்ஜுக்குள்ளை இருந்தனான்’ என்று சொல்லியிருக்கிறான். அவள் ‘இருக்கிறார்’ என்று கொண்டுவந்தாள். அவளுடைய தமிழில் இறந்தகாலம் இன்னும் வந்து சேரவில்லை. அன்றைக்கு என் உயிர் போய்வந்தது அதனால்தான்.

ஸீயாவின் சொல்லிலும் பிழை இல்லை. ‘ம்மஷாத்தா’ என்றால் சிசிலியப் பேச்சில் சேதி, யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லியனுப்புகிற தூது. தூதரகத்துக்கான இத்தாலியச் சொல்லும் அதுவும் ஒரே வேர்தான் என்று சிஞ்ஞோரா சொன்னார். தன் வீட்டுக்குள் தடை செய்த மொழியை அவர் இவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ‘உன் சகோதரனிடமிருந்து தூது வந்திருக்கிறது’ என்று ஒரு மனுசி தெருவெல்லாம் அதிர நல்ல செய்தி சொல்ல, நான் அதைச் சாவுச் செய்தியாகக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. தூதரகம் என்ற எங்கள் சொல்லுக்குள்ளும் தூதுதானே இருக்கிறது.

படியிறங்கிப் போக எனக்குப் பொறுமை இல்லை. சிஞ்ஞோரா பாண் வாங்குகிற கூடையைக் கயிற்றில் கீழே விட்டார். ஸீயா தன் தொலைபேசியை அதற்குள் வைத்தார். அது ஆடி அடிபடாமல் இருக்கச் சுற்றிவர மண்டரின்களை அடுக்கினார். மேலே வந்ததும் அந்த நீளமான இலக்கத்துக்கு எடுத்தேன். முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில், சமையல்காரனா, ஓகே, ஓகே, எல்லாம் ஓகே, பிறகு பேசுவான் என்று சொல்லி வைத்தது. மூன்று தரம் ஓகே சொன்னது. நான் எண்ணினேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தம்பியே எடுத்தான். நான் வீட்டில் இருந்தேன். கணவர் அரைநாள் கேட்டு வந்திருந்தார். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில்.

“அக்கா, நீ என்னை வெட்டினனியல்லோ?”

“நான் கரண்ட் கொம்பனி எண்டு நினைச்சன்.”

“அவங்களுக்கும் உப்பிடித்தான் வெட்டுவியோ? பாவங்கள்.”

கோழி எடுக்கக் குளிர் அறைக்குள் போன நேரம் வெடித்ததாம். கதவு இரும்பு, ஒரு சாண் தடிப்பு. இவனும் பாத்திரம் கழுவுகிற இருவரும் உள்ளே. வெளியே சூட்டுச் சத்தம் ஓயும் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கோழிகளோடு நின்றிருக்கிறார்கள். “கோழியளுக்குக் கூட உறை போட்டிருந்தவை அக்கா, எங்களுக்குத்தான் ஒண்டுமில்லை.” கணவர் சத்தமாகச் சிரித்தார். “அப்ப நான் அக்காட்டைச் சொன்னது சரிதானே மச்சான், குசினிப் பக்கம் ஒருத்தனும் வரேல்லை!”

தம்பியும் சிரித்தான். பிறகு அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“வாசல்லை காவலுக்கு நிக்கிறவர் ஒராள், அக்கா. காலமை நான் தேத்தண்ணி குடுக்கிறனான். மூண்டு கரண்டி சீனி. கூடாது எண்டு ஒவ்வொரு நாளும் ஏசுறனான். இண்டைக்கும் ஏசினனான்.”

மகள் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து, “மாமா, இப்பவும் குளிருதோ?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா. இப்ப இல்லை.”

பிறகு என்னிடம் சொன்னான். “அம்மாட்டைச் சொல்லு அக்கா. எனக்கு வாய் வராது. இனியும் பதினேழாம் மாடியிலை நிக்க என்னாலை ஏலாது.”

சொல்லலாமா, காலையில் சொல்லலாமா, கணவரை விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். “நீர் யோசிச்சு முடிக்க அவன் பென்சன் எடுத்திடுவான்,” என்று சொல்லிக் கணவர் அம்மாவின் இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியை என் கையில் தந்தார். தம்பியையும் அதே அழைப்பில் சேர்த்து, சத்தம் போடாமல் இரு என்றேன்.

சொல்லவேண்டிய ஒழுங்கைத் தீர்மானித்து வைத்திருந்தேன். முதலில் பயத்தை எடுக்க வேண்டும்.

“அம்மா, ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ.”

“ஆருக்கு?” என்றார் அம்மா உடனே.

எங்கள் வீட்டில் எந்தச் சாவும் ‘ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ’ என்று சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறது. எப்படி மறந்தேனோ. நான் தடுமாறி, நல்லா இருக்கிறான், நல்லா இருக்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, பின்னிருந்து முன்னாகவும் நடுவிலிருந்து இரு பக்கமுமாகவும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“துபாய் இல்லையோ?” என்றார் அம்மா கடைசியில்.

“இல்லை அம்மா.”

“இப்ப அவன் எங்கை?”

“லைனிலை நிக்கிறன் அம்மா,” என்றான் தம்பி.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று கணவர் நினைத்தார். அவர் இரண்டும் செய்யவில்லை. “கை கால் எல்லாம் இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது என்றான். “எண்ணிப் பாத்தனியோ?” என்றார். எண்ணினேன் என்றான். “அப்ப வீட்டை வா,” என்றார்.

“வாறன் அம்மா.”

“ஃபோனை வைக்கிறதுக்குச் சொல்லுற வாறனோ, உண்மையா வாறியோ? நீ ஒண்டரை வருசமா ஒவ்வொரு நாளும் வாறன் வாறன் எண்டுதான் வைக்கிறாய்.”

“உண்மையா வாறன் அம்மா. காயமில்லாத ஆக்களையெல்லாம் அனுப்பப் போகினம்.”

“திகதியைச் சொல்லு.”

அவன் சொன்னான். அடுத்த கிழமையில் ஒரு நாள், விமானமும் தயாராம். மறுமுனையில் சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றுகிற சத்தமும் தாள் புரள்கிற சத்தமும் கேட்டன.

“அண்டைக்கு அட்டமி. பயணம் வெளிக்கிடக் கூடாது. ஒரு நாள் பிந்தி வெளிக்கிடு.”

நான் பிறந்த நாளிலிருந்து அம்மா சொன்ன எதற்கும் மறுத்துப் பேசியதில்லை.

“அட்டமியெண்டாலும் வரட்டும் அம்மா!” என்று கத்தினேன். என் குரல் கீழே ஸீயாவின் வீடு வரை கேட்டதாம்.